ஃபிரெடெரிக்ஸ்போர்க்கா, க்னாப்ஸ்ட்ரப்பரா?

டென்மார்க்கின் பழைய குதிரை இனம் ஒன்றை வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் க்னாப்ஸ்ட்ரப்பரையே நாடுகின்றனர். வெண்ணிற உடலெங்கும் கரும்புள்ளிகள் சிதறிய அந்தக் குதிரையின் அருகே செம்பழுப்பு நிற ஃபிரெடெரிக்ஸ்போர்க் எவர் கண்ணிலும் எளிதில் படுவதில்லை. ஆயினும் என் தேர்வு ஃபிரெடெரிக்ஸ்போர்க்தான்.

மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1562-இல் நிறுவிய அரச பண்ணையில், ஸ்பானிய, நேப்பிள்ஸ் குதிரைகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட இனம் அது. வியன்னாவின் புகழ்பெற்ற லிப்பிசானர் குதிரைகளின் மூல ஆண்களுள் ஒன்றான புளூட்டோ, 1765-இல் டென்மார்க்கின் அரச பண்ணையில் பிறந்தது. அந்தப் புகழே இனத்துக்குக் கேடாகவும் முடிந்தது: நல்ல குதிரைகள் வெளிநாடுகளுக்கு விலைபோயின, 1871-இல் பண்ணையும் மூடப்பட்டது. உழவர்களிடம் எஞ்சியவற்றில் பிற இரத்தம் கலந்தது; இன்று இது அழிவின் விளிம்பிலுள்ள அரிய இனம்.

க்னாப்ஸ்ட்ரப்பரின் கதை 1812-இல் தொடங்குகிறது. க்னாப்ஸ்ட்ரப்கோர் பண்ணையின் உரிமையாளர் மேஜர் வில்லார்ஸ் லுன், இறைச்சி வணிகர் ஒருவரிடமிருந்து புள்ளியுள்ள பெண்குதிரை ஒன்றை வாங்கி, அதனை ஃபிரெடெரிக்ஸ்போர்க் ஆண்குதிரையுடன் சேர்த்தார். ஆக, போட்டியாளராகத் தோன்றும் இவ்வினத்தின் உடலிலும் ஓடுவது ஃபிரெடெரிக்ஸ்போர்க் இரத்தமே.

பயன்பாட்டில் க்னாப்ஸ்ட்ரப்பருக்கு வகைகள் அதிகம். போட்டிச் சவாரிக்கு அதன் விளையாட்டு வகை பொருத்தமானது. வண்டி இழுக்கவும் நிதானமான சவாரிக்கும் ஃபிரெடெரிக்ஸ்போர்க் மேல்.

புள்ளிகளைத் தரும் மரபணுவைத்தான் வாங்குவோர் கூர்ந்து கவனிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் குட்டிக்குச் சிறுத்தைப் புள்ளிகள் அமையக்கூடும். இருவரிடமிருந்தும் வந்தால் புள்ளிகள் மிகக் குறைந்து உடல் ஏறக்குறைய முழு வெண்மையாவதோடு, பிறவியிலேயே மாலைக்கண் நோயும் சேர்ந்துவிடுகிறது. பகல் பார்வை பாதிக்கப்படுவதில்லை, வயதோடு நோய் முற்றுவதுமில்லை. எனினும் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஒரு நாட்டில் இதனைச் சிறு குறையென்று நான் கருதமாட்டேன். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் இம்மரபணுவைப் பெற்ற புள்ளியுள்ள குதிரைகள் இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிக்கு இந்நிலை வர வாய்ப்புண்டு. எனவே, க்னாப்ஸ்ட்ரப்பரையே வாங்குவதென்று முடிவு செய்தவர், இனப்பெருக்கத்துக்கு முன் மரபணுச் சோதனை அறிக்கையைக் கேட்டுப் பெறுவது இன்றியமையாதது.

ஃபிரெடெரிக்ஸ்போர்க் பெண்குதிரையை வாங்குபவருக்கோ வேறொரு பொறுப்பு உண்டு. அதனை வேற்றினத்துடன் கலக்காமல், உறவுமுறை நெருங்காத அதே இன ஆண்குதிரையுடன் மட்டும் சேர்க்க வேண்டும். இவ்வளவு சுருங்கிவிட்ட இனத்தில் தூய குட்டி ஒவ்வொன்றும் கணக்கில் வரும்.