ஜெராக்ஸ் கடையில் விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட்: ஆண்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

செங்கோட்டை, புளியரைப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு வரும் பென்டிரைவ், எந்தெந்த ஊர் கம்ப்யூட்டரில் புகுந்துவிட்டு வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆரியங்காவிலிருந்து மலையாள விண்ணப்பம் வரும், தென்காசியிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரும். இப்படி ஒரு கடையில் விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இலவச இயங்குதளம்) இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நெடுநாள் ஓடிய பிறகு சொல்கிறோம்: ஆண்டிவைரஸுக்குத் தனியாகக் காசு கட்டத் தேவையில்லை.

இங்கே அதிகம் தொல்லை தருவது ஷார்ட்கட் வைரஸ். பென்டிரைவைத் திறந்தால் உள்ளே அதன் பெயரிலேயே ஓர் ஐகான், மூலையில் சின்ன அம்புக்குறி. அதைக் கிளிக் செய்தால் வைரஸ் ஓடும், கூடவே ஃபைல்களும் திறக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அசல் ஃபைல்களுக்கு மறைப்புக் குறியோடு சிஸ்டம் குறியும் போட்டிருக்கும். அதனால் மறைந்த ஃபைல்களைக் காட்டும் டிக் மட்டும் போதாது, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுக்க வேண்டும். மின்ட் இந்தக் குறிகளைக் கண்டுகொள்ளாது, எல்லா ஃபைலும் பளிச்சென்று தெரியும். அந்த ஷார்ட்கட்டும் அதில் ஓடாது. ஆகவே வெளி பென்டிரைவை முதலில் மின்டில்தான் செருக வேண்டும். கேரளப் பள்ளிகளில் கைட் என்ற கேரள அரசு நிறுவனம் தரும் லினக்ஸில் படித்த பிள்ளைகளுக்கு மின்ட் உடனே கைவந்துவிடுகிறது, நம்ம பக்கத்தவருக்குத்தான் இரண்டு நாள் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ஆனால் மின்டில் ஓடாத வைரஸ், காப்பி செய்யும்போது அடுத்தவர் பென்டிரைவுக்குப் போய்விடும். அதைப் பிடிக்கத்தான் கிளாம்ஏவி என்ற ஆண்டிவைரஸ். இலவசம், கொஞ்சம் மெதுவாக ஓடும்.

பத்திரிகை, நோட்டீஸ் வடிவமைக்கும் பேஜ்மேக்கருக்கு விண்டோஸ்தான். அதில் கூடவே வரும் டிஃபெண்டர் ஆண்டிவைரஸே போதும். ஒன்று கவனியுங்கள்: முழு ஸ்கேன் ஓட்டினாலும் வழக்கமான அமைப்பில் பென்டிரைவ் அதில் சேராது. டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து தனியாக ஸ்கேன் கொடுக்க வேண்டும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்தான் ரான்சம்வேர். விண்டோஸின் ரான்சம்வேர் பாதுகாப்பில், தெரியாத மென்பொருள் முக்கிய ஃபோல்டர்களில் கைவைக்காமல் தடுக்கும் கண்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸை ஆன் செய்யுங்கள், அது தானாக ஆனில் இருக்காது. ஆன் செய்த பிறகு பழைய மென்பொருள் டாக்குமென்ட்ஸில் சேமிக்க மறுத்தால், அனுமதிப் பட்டியலில் அதைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. டிஃபெண்டருக்குப் புது வைரஸ் பட்டியல் இன்னும் வருகிறதே என்று அதிலேயே இருந்துவிடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் ஆதரவு நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினியில் சிஸ்டத்தின் ஓட்டைகள் அடைபடுவதில்லை. 2017 மே மாதம் வானாகிரை என்ற ரான்சம்வேர் பரவியபோது அதற்கான பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின.

காசு கட்டாமல் ஓட்டுவதற்காகக் கிராக் போட்ட மென்பொருள் இருக்கிற கணினிக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. கிராக் ஃபைல் முதலில் கேட்பதே டிஃபெண்டரை ஆஃப் செய் என்றுதான். கேட்டபடி செய்தால் அட்மின் உரிமையோடு எது உள்ளே வந்தது என்றே தெரியாது. அன்றாட வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்ட் கணக்கு வையுங்கள், அட்மின் பாஸ்வேர்டு ஓனரிடம் இருக்கட்டும்.

வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்த கையோடு கேபிளைக் கழற்றிவிடுங்கள். செருகியபடியே கிடந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.