சிறுபோகத்துக்கு நெல்லா, குரக்கனா, கௌபியா?

வவுனியாவில் சித்தப்பா செய்யும் வயல் ஒரு சின்னக் குளத்தை நம்பியது. பங்குனியில் குளம் அரைவாசிக்கு வந்துவிட்டால் ஃபோனில் அதே கேள்விதான் வரும்: சிறுபோகத்துக்கு (மழை குறைந்த பருவத்துக்கு) என்ன போடுறது? 2016 கடைசியில் மழை பொய்த்துப்போய், அடுத்த வருடம் அவர் துணிந்து போட்ட நெல் பாதி பதராய்ப் போனதிலிருந்து எனக்கும் இதே யோசனை.

கொழும்பில் தை, மாசியில் மழை குறைவு. வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியில் மூன்று பெயின்ட் வாளிகளில் நெல், குரக்கன் (கேழ்வரகு), கௌபி (தட்டைப்பயறு) மூன்றையும் வளர்த்து, நன்றாக நிமிர்ந்த பிறகு ஒரே நாளில் தண்ணீரை நிறுத்திப் பார்த்தேன். முதலில் சுருண்டது நெல் இலை. கௌபி இலைகள் நடுப்பகலில் வெயிலுக்கு முகம் காட்டாமல் விளிம்பைத் திருப்பிக்கொண்டு நின்றன, பின்னேரம் பழையபடி விரிந்தன. குரக்கன் அதிகம் வாடாமல் நின்றது.

இதை வைத்துக் குரக்கன்தான் கெட்டி என்று சொன்னால் கௌபிக்கு அநியாயம். வாளிக்குள் அதன் ஆணிவேர் எங்கே போகும்? வயலில் அது ஆழத்து ஈரத்தைத் தேடிப் போகும், நெல்லின் வேரோ பெரும்பாலும் மேல்மண்ணிலேயே நின்றுவிடும்.

குரக்கனின் பலம் வேறு இடத்தில். இலையிலுள்ள நுண்துளையான இலைவாய் திறந்தால்தான் காபனீரொட்சைட்டு உள்ளே வரும், அதே வழியால் நீராவி வெளியே போகும். நெல்லும் கௌபியும் ஒரு மூலக்கூறு காபனீரொட்சைட்டைப் பிடிக்கச் சுமார் 400 மூலக்கூறு நீரை இழக்கின்றன என்றால், குரக்கன், இறுங்கு, சோளம் போன்ற சி4 தாவரங்களுக்குச் சுமார் 150 போதும். அவை இலைக்குள் அந்த வாயுவை ஓரிடத்தில் செறிவாக்கி வைப்பதால் இலைவாயை அகலத் திறக்கத் தேவையில்லை.

அப்படியென்றால் கௌபி எப்படித் தப்புகிறது? மண் காயத் தொடங்கினதும் இலைவாயைச் சீக்கிரமே மூடிவிடும். வளர்ச்சி குறையும், ஆனால் செடி சாகாது, மழையோ நீரோ வந்தால் மறுபடி பூக்கும். அதோடு இரண்டு, இரண்டரை மாதத்தில் காய் பறித்துவிடலாம். பயறு இன்னும் அவசரக்காரன், 60 - 65 நாளில் முடிந்துவிடும். குரக்கனுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். ஆடியில் குளம் வற்றும் என்று தெரிந்த இடத்தில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு நீர் என்பதை விட, எத்தனை நாள் நிலத்தில் நிற்கவேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நெல்லை விட மனமில்லை என்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, இரண்டரை மாத பிஜி 250 ரகம். மற்றது நனைத்துக் காயவிடும் முறை: துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, நீர் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கின பிறகு மட்டும் பாய்ச்சுவது. 30 சதவீதம் வரை தண்ணீர் மிஞ்சும். ஆனால் பூக்கும் நேரத்தில் இந்தச் சிக்கனம் ஆகாது, அப்போது காய்ந்தால் மணி பிடிக்காது. 2017இல் சித்தப்பாவுக்கு நடந்தது அதுதான். அதைவிடப் பெரிய சிக்கல், துருசு (குளத்து மதகு) திறக்கும் நாள் நம் கையில் இல்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும் குளத்தில் குழாயைப் பார்த்துப் பாய்ச்சுவது நடக்கிற காரியமா?

குரக்கனுக்கு இங்கே வெள்ளவத்தையில் நல்ல கிராக்கி இருக்கிறது, சீனி வருத்தக்காரர் வீட்டில் மா இல்லாமல் இராது. ஆனாலும் களை பிடுங்கவும் கதிர் கதிராக அறுக்கவும் ஆள் வேண்டும், சித்தப்பாவுக்கு 60 தாண்டிவிட்டது. அதைக் காலபோகத்தில் (மாரிமழைப் பருவத்தில்) மேட்டுநிலத்துக்கு விடலாம்.

சரி, நான் சொன்னது இதுதான். துருசுக்குக் கிட்டவுள்ள துண்டில் மட்டும் பிஜி 250, மிச்சம் முழுக்கக் கௌபி, கடைசி வாய்க்கால் பக்கம் பயறு. கௌபிக்கு வேரடியில் தண்ணீர் தேங்கக்கூடாது, நெல் வயல் மண் இறுக்கமானது, அதனால் விதைக்க முதல் வடிகால் வெட்டியே ஆகவேண்டும். சித்தப்பா நெல் துண்டைக் கொஞ்சம் பெரிதாக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் இன்னும் சம்மதிக்கவில்லை.