சரக்குத்தூள் பொதிக்கு எந்தப் பெயர்? ஊர், தெய்வம், குடும்பம், புனைபெயர்: ஓர் ஒப்பீடு

சுன்னாகத்திலோ கொடிகாமத்திலோ ஒருவர் வறுத்த சரக்குத்தூளையும் ஊறுகாயையும் பொதி செய்து விற்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் என்று வரும்போது அவர் முன்னால் வழமையாக வந்து நிற்பவை நான்கு வகை: ஊர்ப்பெயர், தெய்வப்பெயர், குடும்பப்பெயர், பொருளோடு தொடர்பில்லாத அல்லது புதிதாகப் புனைந்த பெயர். இவற்றுள் எது கேட்க நன்றாயிருக்கிறது என்ற விவாதம் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். எதை வைத்தால் இன்னொருவர் நமக்கு எதிராக வழக்குப் போடுவார், எதை வைத்தால் நம்மைப் பார்த்து எழுதுபவரை நாம் தடுக்கலாம் என்ற கேள்வியோ பெரும்பாலும் பொதிகள் அச்சாகி வந்த பிறகுதான் எழுகிறது. இந்த ஒப்பீடு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

ஊர்ப்பெயரில் தொடங்குவோம், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் அதிகம் பேர் விரும்புவது அதைத்தான். ‘யாழ்’ என்ற அந்தச் சிறு சொல்லுக்குக் கொழும்பு வெள்ளவத்தையிலும் கனடாவின் ஸ்காபரோவிலும் உள்ள சந்தைப் பெறுமதியை எவரும் மறுக்க முடியாது. பொதியில் அது இருந்தாலே வாங்குபவர் விலையை இரண்டாவது முறை பார்ப்பதில்லை. ஆனால் இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பொருளின் வகை, தரம், பயன், உற்பத்தியான இடம் ஆகியவற்றை மட்டும் சொல்லும் குறிகளையும், சாதாரண வழக்கில் இடப்பெயராக விளங்குபவற்றையும் வியாபாரக் குறியாக, அதாவது ஒருவரின் பொருளை மற்றவருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் பெயராகவோ படமாகவோ, பதியத் தகாதவையாக வைத்திருக்கிறது. ‘யாழ் கறித்தூள்’ என்பது இந்த இரண்டு தடைகளிலும் ஒரே நேரத்தில் முட்டும்: முதற்சொல் இடத்தைச் சொல்கிறது, அடுத்த சொல் பொருளைச் சொல்கிறது, உரியவர் யார் என்பதைச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. நீண்டகாலமாகப் பாவித்து, மக்கள் மனத்தில் அந்தப் பெயர் ஒரே நிறுவனத்தைக் குறிப்பதாகப் பதிந்துவிட்டது என்று காட்டினால் நிலைமை மாறலாம். அது புதிதாகத் தொடங்குபவருக்கு உதவாது.

எழுத்து அலங்காரமும் படமும் சேர்த்து எப்படியோ ஊர்ப்பெயரைப் பதிவுக்குள் கொண்டுவந்துவிட்டாலும் பிரச்சினை தீராது. பதிவுபெற்ற குறியின் உரிமையாளர், மற்றவர்கள் தம் சொந்தப் பெயரையும், முகவரியையும், ஊர்ப்பெயரையும், பொருளின் தன்மையையும் நேர்மையாக, அடையாளத்துக்காகவும் தகவலுக்காகவும் மட்டும் குறிப்பிடுவதைத் தடுக்க முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. அடுத்த ஒழுங்கையில் மில் வைத்திருப்பவரும் தம் பொதியில் ‘யாழ்ப்பாணத்துச் சரக்குத்தூள்’ என்று எழுதலாம், அது உண்மையும்கூட. ஊர்ப்பெயரை வைத்தவர் வழக்கில் சிக்குவது அரிது, வழக்குப் போட்டு வெல்வது அதைவிட அரிது என்பதே இந்த வகையின் சுருக்கமான கணக்கு. எழுத்துக்கூட்டலும் தன் பங்குக்குத் தொல்லை தரும்: ‘ழ’வை ஆங்கிலத்தில் ஒருவர் இசட்-எச் இட்டு எழுதுவார், இன்னொருவர் எல் இட்டு எழுதுவார், மூன்றாமவர் ஊரின் ஆங்கிலப் பெயரையே போட்டுவிடுவார். இணையத்தில் தேடுபவருக்கு மூன்றும் மூன்று கடைகள்.

தெய்வப்பெயர் இதற்கு ஒரு படி மேலே நிற்கிறது. முருகன், அம்பாள், பிள்ளையார் ஆகிய பெயர்கள் கறித்தூளின் தன்மையை விவரிப்பவை அல்ல என்பதால் அந்த வகையில் தடையில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே தெய்வத்தின் பெயரில் ஊருக்கு ஒரு ஸ்ரோர்ஸ், சந்திக்கு ஒரு மில் என்று இருக்கும்போது அந்தப் பெயர் எந்த ஒருவரையும் பிரித்துக் காட்டுவதில்லை. நம்முடைய குறி, ஏற்கெனவே அதே வகைப் பொருளுக்குப் பதிவுக்காக விண்ணப்பிக்கப்பட்ட ஒன்றோடு மோதும் வாய்ப்பும் கூடுகிறது. மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய குறிகளைச் சட்டம் ஏற்பதில்லை என்பதையும் இங்கே நினைவில் வைக்கவேண்டும். சரக்குத்தூளுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது என்றாலும், சுவாமி படம் அச்சிட்ட பொதி குப்பையில் கிடப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் நம் வாடிக்கையாளர்களே. தெய்வப்பெயரைத்தான் வைப்பேன் என்பவர் அதோடு பிரித்துக் காட்டும் இன்னொரு சொல்லைச் சேர்ப்பது நல்லது. ஊர்ப்பெயரைச் சேர்ப்பதால் மட்டும் அந்தப் பிரிப்பு உறுதியாவதில்லை.

குடும்பப்பெயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் வெளியாரோடு வரும் மோதலைவிட உறவுக்குள் வரும் மோதலே இதில் கடுமையானது. தகப்பன் பெயரில் ‘அன் சன்ஸ்’ என்றும், தமையன் தம்பி சேர்ந்து ‘பிறதர்ஸ்’ என்றும் நடத்திய கடைகள் ஒரு தலைமுறை கழிந்ததும் இரண்டாகப் பிரிவது நம்மிடையே புதிதல்ல. பிரிந்தபின் இருவரும் தகப்பன் பெயரைத்தான் பலகையில் எழுதுவார்கள், இருவருக்கும் அது நியாயமாகவே தோன்றும். சாதாரண குடும்பப்பெயரைச் சட்டம் வெறுமனே ஒரு குறியாக ஏற்கத் தயங்குகிறது. தனித்த வடிவில், ஒரு கையெழுத்துப் போலவோ முத்திரை போலவோ அமைத்தால் நிலைமை சற்றுச் சாதகமாகும். அப்படிப் பதிந்தபின் அது ஒரு சொத்து. எழுத்தில், ஒப்பமிட்டு, இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கலாம், பாவிக்க அனுமதி கொடுக்கலாம். ஆகவே குடும்பப்பெயரை வைப்பவர் அந்தக் குறி யாருடைய பெயரில் பதியப்படுகிறது என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானிக்கவேண்டும். மூத்த மகன் பெயரிலா, எல்லோரும் பங்காளராக உள்ள கம்பனியின் பெயரிலா? தகப்பன் இருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்பது மரியாதைக் குறைவாகப் படலாம். அவர் போனபின் அதைத் தீர்க்கச் சட்டத்தரணியிடம்தான் போகவேண்டிவரும்.

நான்காவது வகையில் இரண்டு கிளைகள் உண்டு. இருக்கும் சொல்லைப் பொருளோடு சம்பந்தமில்லாமல் எடுப்பது ஒன்று. இல்லாத சொல்லைப் புனைவது மற்றொன்று. முந்தைய தலைமுறை ‘யானை மார்க்’, ‘கிளி மார்க்’ என்று படத்தோடு விற்றது முதற்கிளையைச் சேர்ந்தது. எழுத்துத் தெரியாதவரும் படத்தைக் காட்டிக் கேட்டு வாங்கினார். யானைக்கும் விற்கும் பொருளுக்கும் தொடர்பில்லாததால் அது உரியவரை மட்டுமே குறித்தது. இன்று ஒருவர் சரக்குத்தூளுக்கு ‘நாரை’ என்று பெயர் வைத்தால், முன்பே யாரும் எடுத்திருக்காதவரை, பாதுகாப்பில் அது ஊர்ப்பெயரைவிடப் பல மடங்கு உறுதியானது. ஒரே சொல்லின் வலிமை பொருளுக்குப் பொருள் மாறும் என்பதும் இங்கேதான் தெளிவாகத் தெரியும்: ‘கறுத்தக்கொழும்பான்’ என்ற மாம்பழ வகையின் பெயர் மாம்பழச்சாற்றுக்கு வெறும் விவரணம், எந்த மாம்பழச்சாற்றுக்காரரும் அதை எழுதலாம், அதையே சேலைக்கடைக்கு வைத்தால் தனித்துவமான குறி. புனைந்த சொல் இன்னும் வலியது, ஆனால் அதை மக்கள் வாயில் நுழைக்க விளம்பரச் செலவு ஆகும். முதல் இரண்டு ஆண்டுகளில் விற்பனை மந்தமாக இருந்தால் குடும்பத்தார் பெயரைத்தான் குறைசொல்வார்கள்.

வெளிநாட்டில் அல்லது சென்னையில் புகழ்பெற்ற ஒரு பெயரை ஓரெழுத்து மாற்றி வைப்பது ஐந்தாவது வழி என்று சிலர் நினைக்கிறார்கள். நன்கு அறியப்பட்ட குறிகளுக்கு இங்கே பதிவில்லாவிட்டாலும் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இதற்குமேல் அந்த வழியைப் பற்றி எழுதத் தேவையில்லை.

பெயரைத் தெரிவுசெய்தபின் பதிவு. இதில் மூன்று இடங்களை ஒன்றென்று எண்ணிக் குழம்புவதே பெரும்பாலான சச்சரவுகளின் வேர். பிரதேச செயலகத்தில் பெறும் வியாபாரப் பெயர்ப் பதிவு, 1918 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் வேர்கொண்டது. பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று பொதுமக்கள் அறியவேண்டும் என்பதே அதன் நோக்கம். கண்ணாடிச் சட்டம் போட்டுக் காசாளர் மேசைக்கு மேலே மாட்டும் அந்தச் சான்றிதழ் வங்கிக் கணக்குத் திறக்கவும் கடன் பெறவும் உதவும். அந்தப் பெயரை வேறெவரும் பாவிக்கக்கூடாது என்ற உரிமையை அது தருவதில்லை. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் பிரைவேட் லிமிடெட் ஆகப் பதிந்தால், ஏற்கெனவே உள்ள கம்பனியின் பெயரோடு ஒத்த பெயரைப் பதிவாளர் மறுப்பார். ஆனாலும் அது கம்பனிப் பெயர்களுக்கிடையிலான ஒழுங்கு. கம்பனிப் பெயர் கிடைத்துவிட்டது என்பதற்காக அதே பெயரில் இன்னொருவர் வைத்திருக்கும் வியாபாரக் குறியை மீறலாம் என்றாகாது. பொதியில் உள்ள பெயரைச் சொத்தாக்குவது மூன்றாவது பதிவு: கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில், பொருளின் வகுப்பைக் குறித்து விண்ணப்பித்து, ஆய்வு முடிந்து வர்த்தமானியில் பிரசுரமாகி, எதிர்ப்புத் தெரிவிக்கும் காலமும் கடந்தபின் கிடைப்பது. விண்ணப்பத் திகதியிலிருந்து 10 ஆண்டுகள் செல்லும், பின்னர் பத்துப் பத்தாக நீட்டலாம்.

வகுப்பு என்பதை அலட்சியம் செய்பவர்கள் பலர். சர்வதேச வகைப்பாட்டில் பொருட்களுக்கு 34, சேவைகளுக்கு 11 என மொத்தம் 45 வகுப்புகள் உள்ளன. சரக்குத்தூளும் பனங்கட்டியும் 30 ஆம் வகுப்பு, ஊறுகாய் 29 ஆம் வகுப்பு, நெல்லிரசம் 32 ஆம் வகுப்பு, அதே பெயரில் சாப்பாட்டுக்கடை வைத்தால் 43 ஆம் வகுப்பு. வேறு வகுப்பில் இருப்பதால் மட்டும் தப்பிவிடலாம் என்றும் எண்ணக்கூடாது. பொருட்கள் ஒத்தவையா, வாங்குபவர் குழம்புவாரா என்பதே இறுதிக் கேள்வி. அந்தக் குழப்பத்தைக் கண்ணால் பார்க்கும் வடிவம், காதால் கேட்கும் ஓசை, மனத்தில் எழும் பொருள் ஆகிய மூன்றாலும் அளப்பார்கள். எழுத்தை மாற்றி, ஓசையை அப்படியே வைத்திருப்பவருக்கு இது தெரிவதில்லை.

பதியாதவருக்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. முன்பே பாவனையில் உள்ள பதியப்படாத குறியையோ வர்த்தகப் பெயரையோ அறிந்துகொண்டே, அல்லது அறியாமல் இருந்திருக்க முடியாத நிலையில், ஒருவர் அதை ஒத்த ஒன்றைப் பதிய வந்தால் அதை ஏற்கலாகாது என்கிறது சட்டம். அதை நிறுவும் சுமை பழைய கடைக்காரருடையது. திகதியிட்ட பற்றுச்சீட்டுகள், பழைய பொதி மாதிரிகள், உதயன் பத்திரிகையில் வந்த திறப்புவிழா விளம்பரத்தின் நறுக்கு ஆகியவை அப்போது பணத்தைவிடப் பெறுமதியானவை. வழக்கும் யாழ்ப்பாண நீதிமன்றத்தில் நடப்பதில்லை; கொழும்பில் உள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். தவணைக்குத் தவணை பயணமும் சட்டத்தரணி கட்டணமும் ஒரு சிறு மில்லின் இலாபத்தைத் தின்றுவிடக்கூடியவை என்பதால், நியாயம் தன் பக்கம் இருந்தும் பெயரை மாற்றிக்கொண்டு ஒதுங்குபவர்கள் உண்டு.

இவை அனைத்தையும் வைத்துப் பார்த்தால், பொதியின் நடுவில் பெரிய எழுத்தில் தொடர்பில்லாத ஒரு சொல்லையும் படத்தையும் வைத்து, அதன் கீழே சிறிய எழுத்தில் ‘யாழ்ப்பாணத்து வறுத்த சரக்குத்தூள்’ என்று எழுதுவதே என் தெரிவு. மேலே உள்ளது உரிமைக்கு, கீழே உள்ளது விற்பனைக்கு. ஏற்றுமதி எண்ணம் இல்லாத, ஒரு சந்தியிலேயே நிற்கப்போகும் கடைக்கு இந்தளவு தேவையில்லை. அங்கே தெய்வப்பெயரும் குடும்பப்பெயரும் போதும்.

ஏற்றுமதி எண்ணம் இருப்பவருக்கு இன்னொன்று. இலங்கைப் பதிவு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் செல்லாது. அந்தந்த நாட்டில் தனித்தனியே விண்ணப்பிக்கவேண்டும். இங்கே விண்ணப்பித்து 6 மாதங்களுக்குள், வியாபாரக் குறி போன்ற சொத்துகளைப் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பாரிஸ் உடன்படிக்கையில் சேர்ந்த நாடொன்றில் விண்ணப்பித்தால் இங்குள்ள முதல் திகதியையே அங்கும் கோரலாம். இதைச் செய்யாமல் விட்டவர்களின் குறியை, அவர்களுடைய பொருளை இறக்குமதி செய்யும் முகவரே தம் பெயரில் பதிந்துகொள்வது நடக்கக்கூடியது. பிறகு முகவரை மாற்ற நினைத்தால், சொந்தப் பெயர் பொறித்த சொந்தச் சரக்கு அந்த நாட்டுக்குள் நுழையக்கூட அவருடைய சம்மதம் வேண்டும். முகவர் பெரும்பாலும் மச்சானாகவோ ஒன்றாகப் படித்தவராகவோ இருப்பார். ஆகவே முதற்கொள்கலன் அனுப்புவதற்கு முன்பே, குறி உற்பத்தியாளருக்கே உரியது, முகவர் எந்த நாட்டிலும் அதைத் தம் பெயரில் பதியமாட்டார் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதி, இருவரும் ஒப்பமிடுவது நல்லது.