கொச்சி டூருக்கு செல்ஃப் டிரைவ் கார் எடுக்கப் போறீங்களா? ஓன் போர்டு (வெள்ளை நம்பர் பிளேட்) வண்டியக் கொண்டு வந்து நிறுத்தினா சாவிய வாங்காதீங்க

கொச்சிக்கு குடும்பத்தோட போறோம், அங்க போயி கார் வாடகைக்கு எடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கிறவங்க இத முழுசா படிச்சிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. எங்ககிட்ட 10,000 ரூபாய் டெபாசிட் வாங்கினவன் இன்னிக்கு வரைக்கும் ஒத்தப் பைசா திருப்பித் தரல, அது போதாதுன்னு இன்னும் 8,000 அனுப்புன்னு மிரட்டல் மெசேஜ் வேற. இவங்க பொழப்பே வாடகையில இல்லைங்க, டெபாசிட்ல தான் இருக்கு. வாடகை ஏன் அவ்வளவு கம்மியா சொல்றாங்கன்னு அத வச்சே புரிஞ்சுக்கலாம்.

மே லீவுல அம்மா, மனைவி, பசங்கன்னு சென்னையில இருந்து கிளம்பினோம். அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது, கையில ஒரு கார் இருந்தா நல்லதுன்னு முன்னாடியே தேடி ஒரு இடத்துல புக் பண்ணினேன். அவங்க அனுப்பின போட்டோல இருந்தது கருப்பு நம்பர் பிளேட், மஞ்சள் எழுத்து. நம்ம நாட்டுல செல்ஃப் டிரைவ் வாடகைக்குன்னு பதிவு பண்ணின வண்டிக்கு அது தான் அடையாளம், மஞ்சள் பிளேட்ல கருப்பு எழுத்துன்னா டாக்ஸி, வெள்ளையில கருப்புன்னா சொந்த உபயோகத்துக்கு வாங்கின ஓன் போர்டு வண்டி. கருப்பு பிளேட் தானே வரும்னு ரெண்டாவது தடவையும் கேட்டு, ஆமான்னு எழுத்துல வாங்கிட்டு தான் அட்வான்ஸ் போட்டேன்.

எர்ணாகுளம் சவுத் ஸ்டேஷன்ல இறங்கி வெளிய வந்தா நிக்கிறது வெள்ளை பிளேட் வண்டி, மாடலும் வேற. கேட்டா, "அது சர்வீசுக்கு போயிருக்கு சேட்டா, இது அதவிட புதுசு, ஒண்ணும் பிரச்சினை இல்ல"ங்கறான். வேணாம்ப்பா, அட்வான்ஸக் கொடு நாங்க வேற பாத்துக்கறோம்னா, கேன்சல் பண்ணினா அட்வான்ஸ் திரும்ப வராதாம். மழை ஊத்துது, அம்மா நிக்க முடியாம பெட்டி மேல உக்காந்திருக்காங்க, சின்னவன் பசிக்குதுன்னு அழுறான். வயசானவங்களையும் குழந்தைங்களையும் வச்சிகிட்டு வர்றவங்கள இப்படி ஒரு நேரத்துல நிறுத்தி வச்சி தான் வண்டிய மாத்தறாங்க. சாவி கொடுக்கிறதுக்கு முன்னாடி டெபாசிட் போடணும்னு சொன்னான், போட்டது ஒரு தனி ஆளோட நம்பருக்கு, கம்பெனி பேரே அதுல வரல. ஒரிஜினல் ஆதார் வேணும்னு கேட்டான், அத மட்டும் முடியவே முடியாதுன்னு சொல்லி லைசென்ஸ் காப்பியோட நிறுத்திட்டோம்.

வண்டிய சுத்தி வீடியோ எடுத்தேன். நாலு பக்கம், நாலு டயரு, கண்ணாடி, டேஷ்போர்டுல கிலோமீட்டர், பெட்ரோல் முள்ளு எல்லாம். கதவுல ரெண்டு கீறல் இருந்தது, அத அவன் முன்னாடியே காட்டி பேசியும் வச்சிருக்கேன்.

ஊருக்குள்ள கார் ஓட்டினது எப்படின்னா, சுருக்கமா சொல்லிடறேன். வைட்டிலா, குண்டனூர், இடப்பள்ளி இந்த மூணு ஜங்ஷன்லயும் மேம்பாலம் இருந்தும் சாயங்காலம் நகரவே நகராது. ஃபோர்ட் கொச்சிக்கு ரோடு வழியா போனா தேவரா தாண்டி வெண்டுருத்தி பாலம், வெல்லிங்டன் ஐலண்ட், தோப்பும்படின்னு ஒரு பெரிய சுத்து. போய் சேர்ந்தா நிறுத்த இடம் கிடையாது. மட்டாஞ்சேரியில ஜூ டவுன் தெருவுல கார விட்டுட்டு போற மாதிரியே இல்ல, எங்கயோ தள்ளி நிறுத்திட்டு அம்மாவ நடத்தி தான் கூட்டிட்டு போனோம், அதாவது எதுக்காக கார் எடுத்தோமோ அதுக்கே அது உதவல. ஆலப்புழா போற வழியில கும்பளம் டோல்ல பாஸ்டேக் வேலை செய்யல, பிளாக்லிஸ்ட்ல இருக்குன்னாங்க, கேஷா ரெண்டு மடங்கு கட்ட வேண்டியதா போச்சு. அவனுக்கு போன் பண்ணினா எடுக்கல.

இப்போ முக்கியமான விஷயம். திருப்பிக் கொடுக்கிற அன்னிக்கு சாயங்காலம் நார்த் ஸ்டேஷன்ல எங்களுக்கு ட்ரெயின். அது அவனுக்கு தெரியும், சாவி கொடுக்கும்போதே திரும்பிப் போற ட்ரெயின் எத்தன மணிக்குன்னு கேட்டு வச்சிகிட்டான், அப்போ அக்கறையில கேக்கறான்னு தான் தோணும் யாருக்கும். நாலு மணிக்கு வரேன்னவன் வரவே இல்ல, போன்ல "தா வந்துட்டேன் சேட்டா"ன்னே சொல்லிட்டு ட்ரெயினுக்கு முக்கா மணி நேரம் இருக்கும்போது வந்தான், கூட ரெண்டு பேர். மெட்ரோ பாலத்துக்கு அடியில ஒரு சந்துல நிறுத்தச் சொன்னான். வந்தவன் கதவப் பாக்கல, பின்னாடி பாக்கல, நேரா முன்னாடி போயி தரையில உக்காந்து மொபைல் டார்ச்ச பம்பருக்கு அடியில அடிச்சான். எங்க இருக்குன்னு தெரிஞ்சவன் தான் அப்படி நேரா போய் உக்காருவான். பம்பரோட அடி ஓரம் கிழிஞ்சிருக்கு, ஸ்பீட் பிரேக்கர்ல இடிச்சிட்டீங்க, மொத்த பம்பரும் மாத்தணும், வண்டி ஒர்க்ஷாப்ல நிக்கிற நாளுக்கு வாடகையும் சேத்து 18,000 ஆகும்னான்.

நானும் குனிஞ்சு பாத்தேன். கிழிசல் இருக்கு, உண்மை தான். ஆனா அந்த கிழிஞ்ச ரெண்டு பக்கத்தையும் ஒரு கேபிள் டை போட்டு இழுத்து கட்டி வச்சிருக்கு, அந்த கேபிள் டை வெயில்லயும் சேத்துலயும் கிடந்து வெளுத்து நுனியில விரிசல் விட்டுப் போயிருக்கு, கிழிசலுக்குள்ள செம்மண் காஞ்சு கெட்டியா இறுகிப் போயிருக்கு. எத்தனையோ மாசத்துக்கு முன்னாடி கிழிஞ்சத கட்டி வச்சிகிட்டு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் அதையே காட்டி காசு வாங்கறான். நான் வண்டி எடுத்தவுடனே கிழிச்சேன்னா அந்த கேபிள் டைய யார் கட்டினது, அது எப்படி இந்த கொஞ்ச நாள்ல வெளுத்துச்சுன்னு கேட்டேன். பதில் இல்ல. "உங்க வீடியோல இது இருக்கா, காட்டுங்க"ன்னு மட்டும் திரும்பத் திரும்ப சொன்னான். யாருங்க வண்டிக்கு அடியில படுத்து வீடியோ எடுப்பாங்க? அது அவனுக்கு தெரிஞ்சு தான் அந்த இடம்.

பக்கத்துல டீக்கடை வச்சிருந்த பெரியவர் ஒருத்தர் வந்து அவங்கள மலையாளத்துல நல்லா திட்டினார், எங்ககிட்ட "ட்ரெயின் விட்டுறாதீங்க, இவங்க இங்க இதே வேலையா தான் திரியறாங்க, போட்டோ எடுத்துட்டு போங்க"ன்னார். அவரே ஒரு ஆட்டோவ நிறுத்திக் கொடுத்தார், ஆட்டோக்காரர் மீட்டர் காசு தான் வாங்கினார். அதனால ஊரச் சொல்லாதீங்க, நல்ல மனுசங்க தான் அங்க நிறைய. கேபிள் டைய கிட்டக்க வச்சு போட்டோ எடுத்துகிட்டு, வண்டி நம்பர், மூணு பேரும் நிக்கிறது எல்லாம் எடுத்துகிட்டு தான் கிளம்பினோம். அதுவரைக்கும் சத்தம் போட்டவங்க போன தூக்கினதும் முகத்த திருப்பிகிட்டாங்க.

ஊருக்கு வந்தப்புறம் அடுத்த கதை. கேரளாவுல 2023 ஜூன்ல இருந்து ரோட்டுல ஏஐ கேமரா வச்சி சீட் பெல்ட், மொபைல் பேச்சு, ஹெல்மெட்டுக்கெல்லாம் ஃபைன் போடறாங்க, அது எல்லாருக்கும் தெரியும்ங்கறதால அத வச்சி ஒரு மிரட்டல். சீட் பெல்ட் போடலன்னு சலான் வந்திருக்கு, உடனே பணம் அனுப்புன்னு ஒரு ஸ்கிரீன்ஷாட். தேதி இருக்கிற இடத்த மட்டும் வெட்டியிருந்தான், சலான் நம்பர வெட்ட மறந்துட்டான். அரசாங்கத்தோட பரிவாகன் சைட்ல அந்த சலான் நம்பர போட்டுப் பாத்தா பிப்ரவரி மாசத்து சலான். நாங்க போனது மே. அத அனுப்பி கேட்டதும் என்னை பிளாக் பண்ணிட்டு வேற நம்பர்ல இருந்து மிரட்ட ஆரம்பிச்சான். தயவு செஞ்சு யாரும் வாட்ஸ்அப்ல வர்ற சலான் படத்த நம்பி பணம் போடாதீங்க, சலான்னு சொல்லி ஏபிகே ஃபைல் (போன்ல ஆப் ஏத்தற ஃபைல்) அனுப்பினா தொடவே தொடாதீங்க, பேங்க் அக்கவுன்டையே காலி பண்ற மோசடி அது.

பணம் போனது ஒரு பக்கம். ஓன் போர்டு வண்டியில அதவிட பெரிய ஆபத்து இருக்கு, அதுக்காகவே இத எழுதறேன். சொந்த உபயோகத்துக்குன்னு பதிவு பண்ணின வண்டிய காசுக்கு வாடகைக்கு விடறது மோட்டார் வாகன சட்டத்துக்கு விரோதம். அந்த வண்டியோட பாலிசியிலயே வாடகைக்கு ஓட்டினா செல்லாதுன்னு இருக்கும், நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனி அதச் சொல்லியே கைய விரிக்கலாம், அது ஓட்டினவன் தலையிலயும் விடியலாம். 2024 டிசம்பர்ல ஆலப்புழா களர்கோட்டுல மெடிக்கல் காலேஜ் பசங்க போன கார் கேஎஸ்ஆர்டிசி பஸ்ல மோதி ஆறு பசங்க செத்துப் போனாங்களே, ஞாபகம் இருக்கா? அந்த காரும் சட்டவிரோதமா வாடகைக்கு கொடுத்த ஓன் போர்டு வண்டின்னு தான் ஓனர் மேல நடவடிக்கை எடுத்தாங்க. அந்த நியூஸ படிச்ச ஞாபகம் எனக்கு அந்த வண்டிய ஓட்டின ஒவ்வொரு நாளும் நெஞ்சுல உறுத்திகிட்டே இருந்தது, பின்னாடி சீட்ல என் பசங்க.

சரி, கார் இல்லாம வயசானவங்கள வச்சிகிட்டு கொச்சி சுத்த முடியுமான்னு கேப்பீங்க. தாராளமா முடியும், கார விட சுகமா முடியும். மெட்ரோ ஆலுவாவுல இருந்து திருப்பூணித்துறை வரைக்கும் ஓடுது, மொத்தம் 25 ஸ்டேஷன், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போனாலும் 60 ரூபாய் தான், எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இருக்கு. ஃபோர்ட் கொச்சிக்கு ஹைகோர்ட் ஜெட்டியில இருந்து வாட்டர் மெட்ரோ, 40 ரூபாய், ஏசி போட், அரை மணிக்குள்ள கொண்டு விட்டுடறான், ஜெட்டி மிதந்துகிட்டு தண்ணி ஏறினாலும் இறங்கினாலும் போட்டோட சம உயரத்துல இருக்கிற மாதிரி கட்டியிருக்காங்க, அதனால அம்மா மாதிரி முட்டி வலிக்காரங்களும் படி ஏறாம நேரா உள்ள போய் உக்காரலாம். கடைசி நாள் பசங்க ஆசப்பட்டாங்கன்னு கார நிறுத்திட்டு அதுல தான் போனோம், அம்மா "முதல் நாளே இதுல வந்திருக்கலாமேடா"ன்னாங்க. ஸ்டேட் வாட்டர் டிரான்ஸ்போர்ட்டோட சாதா போட் எர்ணாகுளம் ஜெட்டியில இருந்து இன்னும் மலிவு. அங்க இறங்கினா சீன வலை, செயின்ட் பிரான்சிஸ் சர்ச் எல்லாம் கிட்டக்கிட்டயே, மட்டாஞ்சேரிக்கு மட்டும் ஆட்டோ. ஒரு விஷயம், ஜூ டவுன்ல இருக்கிற 1568ல கட்டின பரதேசி சினகாக் (யூதர்களோட கோவில்) வெள்ளி, சனி ரெண்டு நாளும் பாக்க விடமாட்டாங்க, டச்சு பேலஸும் வெள்ளிக்கிழமை லீவு, அதனால அந்த நாள்ல மட்டாஞ்சேரி வச்சிக்காதீங்க.

ஆலப்புழாவுக்கு ட்ரெயினும் இருக்கு பஸ்ஸும் இருக்கு, இல்லன்னா ஒரு நாளைக்கு டிரைவரோட மஞ்சள் போர்டு டாக்ஸி பேசிக்கோங்க. மூணாறு, வாகமண் பக்கம் போறவங்களுக்கு கார் தேவை தான், இல்லைன்னு சொல்லல. அப்பவும் கருப்பு பிளேட் வண்டி மட்டும் எடுங்க, வண்டி நம்பர முன்னாடியே வாங்கி எம்பரிவாகன் ஆப்ல போட்டு அது எந்த வகை பதிவு, இன்சூரன்ஸ் எது வரைக்கும் இருக்குன்னு பாத்துக்கோங்க. டெபாசிட்ட நிறுவனத்தோட பேர்ல இருக்கிற அக்கவுன்டுக்கு மட்டும் போடுங்க. பம்பருக்கு அடியில, சக்கரத்துக்கு உள்பக்கம், வண்டியோட வயித்துப் பக்கம் மொபைல நீட்டி வீடியோ எடுங்க, கொடுக்கிறவன் குரல் அதுல கேக்கணும். ட்ரெயின் எத்தன மணிக்குன்னு அவன்கிட்ட சொல்லவே சொல்லாதீங்க, கேட்டா நாளைக்கும் ஊர்ல தான் இருக்கோம்னு சொல்லுங்க.

பணம் பறிபோனா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணி பதிவு பண்ணுங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. நிறைய பேர் கேரளாவுக்கு யார் அலையறதுன்னு விட்டுடறாங்க, அந்த தைரியத்துல தான் இவங்க வெளியூர்க்காரங்களா பாத்து பிடிக்கறாங்க. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்ட கமிஷன்லயே கேஸ் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, ஆன்லைன்லயே ஃபைல் பண்ணலாம்.

நான் ஃபைல் பண்ணிட்டேன். புக்கிங் மெசேஜ், யுபிஐ ரசீது, கேபிள் டை போட்டோ, பிப்ரவரி சலான் எல்லாம் சேத்து கொடுத்திருக்கேன். அதே வண்டி இப்போ வேற பேர்ல விளம்பரத்துல வருது, முன் கதவுல அதே ரெண்டு கீறல். எர்ணாகுளம் சவுத் பக்கத்துல இந்த மாதிரி கருப்பு பிளேட்ட காட்டி வெள்ளை பிளேட்ட கொடுத்து, பம்பர் கிழிசலுக்கு காசு கேட்டு யாராவது மாட்டியிருந்தீங்கன்னா எனக்கு தனியா எழுதுங்க, உங்க போட்டோல அந்த கேபிள் டை இருந்தா அது எந்தத் தேதியில எடுத்ததுங்கறது தான் எங்க ரெண்டு பேர் கேஸுக்குமே வேணும்.