குறுக்குத்துறைக் காலைகள்: ஒரு கையில் நாய்க்கயிறு, மறு கையில் கேமரா

2021 கார்த்திகை முதல், எங்கள் கன்னி நாய் கருப்பியைக் காலை நடைக்குத் திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறைக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒரே கேமராவைத்தான் எடுத்துச் செல்கிறேன். கால் கிலோ எடை, 24 மெகாபிக்சல், கழற்ற முடியாத 28 மி.மீ. லென்ஸ், சட்டைப்பையில் அடங்கிவிடும்.

கன்னி வேட்டைநாய் இனம். கொக்கு எழும்பினால் போதும், கயிறு பிடித்த கை தோள்வரை இழுபடும். ஆகவே மறு கையில் இருப்பதைத் திருகிச் சரிசெய்ய நேரமிராது. ஒளி புகும் லென்ஸ் துளையை எஃப் 8-இலும், குவியத்தை இரண்டரை மீட்டரிலும், ஷட்டர் வேகத்தை 1/500 நொடியிலும் நிறுத்திவிட்டேன். ஓரடி தள்ளி நிற்கும் கருப்பியின் மூக்கு மட்டும் தெளிவிழக்கும். ஒரு மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து அக்கரை மரங்கள்வரை எல்லாம் துல்லியமாக விழும்.

ஜூம் இல்லாதது முதல் ஆண்டில் பெரும் குறையாகத் தெரிந்தது. மணல்திட்டில் நிற்கும் சங்குவளை நாரை படத்தில் வெறும் வெண்புள்ளிதான். ஆனால் எட்டிப் பிடிக்க வழியில்லாததால், நாள்தோறும் அதே படியில் நின்று அதே காட்சியை எடுக்கும் பழக்கம் வந்தது. அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான், மார்கழியில் வலப்பக்கம் உதிக்கும் சூரியன் ஆனியில் ஏறத்தாழ 47 பாகை இடப்பக்கம் நகர்ந்துவிடுவதை, பிறந்து வளர்ந்த ஊரிலேயே முதன்முறையாகக் கண்ணால் உணர்ந்தேன்.

சித்திரையில் வற்றிய ஆற்றின் பளபளப்பு கேமராவின் ஒளிக்கணிப்பை ஏமாற்றிப் படித்துறையைக் கருக்கிவிடும். அப்போது ஒளியை ஒரு படி கூட்டுவேன். மார்கழிப் பனிமூட்டத்துக்கும் அவ்வாறே. எனக்கு மிகவும் பிடித்தது ஆனி, ஆடிதான். மலையில் சாரல் பொழிய, பாபநாசம் அணையிலிருந்து கார் பருவ நெல் சாகுபடிக்குத் திறந்த நீர் வந்துசேர, ஊரில் மழையில்லாமலேயே ஆறு நிறைந்து ஓடும்.

ஆனால் அந்தப் பருவத்தின் காற்றுதான் இந்தக் கேமராவுக்குப் பகை. மண்தூசு உள்ளே புகுந்து உணரியில் ஒட்டியது. லென்ஸைக் கழற்ற முடியாததால் வீட்டில் துடைக்க வழியில்லை. இருமுறை பழுதுபார்க்கக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் கேமரா இல்லாமல் நடந்தேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருவெள்ளத்தில் ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயில் மூழ்கியது. தண்ணீர் வடிந்து பத்து நாள் கழித்துப் போனபோது, நான் நிற்கும் படியின்மேல் முழங்கால் அளவு மணல் கிடந்தது. என் தலைக்கும் மேலே, மருதமரக் கிளையில் வைக்கோலும் ஒரு கிழிந்த சேலையும் சுற்றிக்கொண்டிருந்தன. கருப்பி படி இருந்த இடத்தை நெடுநேரம் மோந்துகொண்டே நின்றாள். அன்றைய படத்தை முந்தைய மார்கழிப் படத்தோடு சேர்த்துப் பார்த்தால், நாரை நின்ற மணல்திட்டு இருந்த இடத்தில் நீர் ஓடுகிறது. லென்ஸும் மாறவில்லை, நின்ற இடமும் மாறவில்லை என்பதால் அந்த மாற்றத்தை விரற்கடை அளவில்கூட ஒப்பிட முடிகிறது.

இப்போது வானத்தின் இடது மூலையில் மறுபடியும் ஒரு கரும்புள்ளி விழுகிறது. துளையை எஃப் 4-க்குத் திறந்தால் அது மங்கிவிடுகிறது. சாரல் முடியும்வரை அப்படியே எடுத்துவிட்டு, புரட்டாசியில் பழுதுபார்க்கக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.