ஐந்து பருவமழை கண்ட என் கிராஸ் கம்பைலர்

குலசேகரத்தில் சித்தப்பாவின் ரப்பர் தோட்டத்தில் ராஸ்பெர்ரி பை 4 என்ற ஒரு சிறு கணினி மழைமானிக்குக் கணக்கெழுதிக்கொண்டிருக்கிறது. பால்வெட்டு நாளில் விடியும் முன்பே "மக்களே, ராத்திரி எவ்வளவு பெய்தது?" என்று போன் வந்துவிடும். அதற்கான நிரலை நாகர்கோவிலில் என் லேப்டாப்பில் கம்பைல் செய்து அனுப்புகிறேன்.

முதலில் என் லேப்டாப்பின் லினக்ஸான உபுண்டு 22.04 தரும் ஆயத்த கிராஸ் கம்பைலரைத்தான் (ஒரு வகைக் கணினியில் இருந்துகொண்டு வேறு வகைக் கணினிக்கான நிரலை உருவாக்கும் கருவி) நிறுவினேன். நிரல் பிழையின்றி உருவானது. தோட்டத்தில் போட்டால் 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்று முரண்டு பிடித்தது. ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம். அங்கே இருக்கும் லினக்ஸ் டெபியன் 11, அதன் ஜிலிப்சி 2.31. இங்கே 2.35. நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூறுக்கே 2.34இல் புதிய பதிப்பு எண் கொடுத்துவிட்டார்கள். ஒன்றுமே செய்யாத வெற்று நிரல்கூடப் பழைய கணினியில் ஓடாது. ஓடிக்கொண்டிருக்கும் டெபியனைக் கலைக்க மனம் வரவில்லை. கம்பைலரையே சொந்தமாகக் கட்டினேன்.

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். ஜிலிப்சியைக் கட்ட ஜிசிசி என்ற கம்பைலர் வேண்டும். முழு ஜிசிசிக்கு ஜிலிப்சி வேண்டும். அதனால் பின்யூட்டில்ஸ் (லிங்கர் முதலான துணைக்கருவிகள்) முடிந்ததும் த்ரெட் ஆதரவு இல்லாத அரைகுறை ஜிசிசி, கெர்னல் ஹெடர்கள் (லினக்ஸின் மையப்பகுதியோடு பேசத் தேவையான அறிவிப்புக் கோப்புகள்), ஜிலிப்சி 2.31, கடைசியாக முழு ஜிசிசி 10.2 என்று போனேன்.

ஜிசிசியின் இரண்டாம் சுற்றில் இடி இடித்து கரண்ட் போனது. பேட்டரி எப்போதோ செத்துப்போன லேப்டாப் அது. கட்டும் வேலையை நடத்தும் மேக் கட்டளையை மறுபடி கொடுத்தால், துண்டுகளை இணைக்கும் லிங்கர் ஏதோ ஒரு கோப்பைப் படிக்க முடியவில்லை என்றது. பார்த்தால், பூஜ்யம் பைட் அளவில் ஒன்பது ஆப்ஜெக்ட் கோப்புகள் (கம்பைல் ஆன துண்டுகள்). நேரமுத்திரை புதிதாக இருந்ததால் அவை முடிந்துவிட்டன என்று மேக் நம்பியிருக்கிறது. காலிக் கோப்புகளை மட்டும் தேடி அழித்த பிறகு வேலை நகர்ந்தது. ஒரு மாலை முழுக்கப் போனது இதற்குத்தான்.

முதல் சோதனை நிரலை, நிரல் கோப்பின் உள்விவரங்களைக் காட்டும் ரீட்எல்ஃப் கொண்டு பார்த்தேன்: கேட்கும் ஜிலிப்சி பதிப்பு 2.17. ராஸ்பெர்ரி பையின் செயலி வகையான 64 பிட் ஏஆர்எம்முக்கு ஜிலிப்சி ஆதரவு தொடங்கியதே அந்தப் பதிப்பில்தான். அப்போதுதான் நிம்மதி.

அதன்பின் கம்பைலர் இருக்கும் அந்த அடைவைத் தொட்டதில்லை. போன வருடம் லேப்டாப் மாற்றினேன். டார் கோப்பாகக் கொண்டுவந்து வேறோர் இடத்தில் விரித்தேன், அப்படியே ஓடியது. சிஸ்ரூட் (தோட்டத்துக் கணினிக்கான நூலகங்களும் ஹெடர்களும் உள்ள அடைவு) அதற்குள்ளேயே இருப்பதன் பலன். மனக்குறை ஒன்று உண்டு: எண்களையும் எழுத்துகளையும் வடிவமைத்துத் தரும் சி++ 20இன் ஃபார்மேட் வசதி ஜிசிசி 13இல்தான் வந்தது. சித்தப்பாவின் மில்லிமீட்டர்களை இன்னும் பழைய பிரிண்ட்எஃப்தான் அச்சிடுகிறது.