பூச்சிட்ட துகளா, கால்சியம் சல்பேட் கலவையா? சாக்கெட்டில் எது நிற்கும்?

பல் எடுத்த சாக்கெட்டில் (எலும்புக் குழியில்) வெறும் பீட்டா டி.சி.பி. (எலும்பு நிரப்பியாகப் பயன்படும் கால்சியம் பாஸ்பேட்) துகளைப் போட்டால், ரத்தம் ஊறியதும் மிதக்கத் தொடங்கும். சக்‌ஷன் முனை அருகில் போனால் பாதி காணாமல் போகும். இதைத் தவிர்க்கத்தான் தானாக இறுகும் செயற்கை போன் கிராஃப்டுகள் (எலும்பு நிரப்பிகள்). ஈஸி-கிராஃப்ட் வகையில் ஒவ்வொரு துகளின் மேலும் உடலில் கரையும் பி.எல்.ஜி.ஏ. பாலிமர் மெல்லிய பூச்சாக இருக்கும். எத்தாஸ் வகையில் பூச்சு கிடையாது. 65% பீட்டா டி.சி.பி.யுடன் 35% கால்சியம் சல்பேட் கலந்திருக்கும்.

இரண்டும் இறுகும் விதம் வேறு, அதனால் கெடும் விதமும் வேறு.

பூச்சுத் துகளோடு வரும் நீர்மத்தில் என்.எம்.பி. என்ற கரைப்பான் இருக்கிறது. சிரிஞ்சுக்குள் கலந்ததும் பூச்சு இளகிப் பிசுபிசுத்து, துகள்கள் ஒட்டிக்கொள்ளும். சாக்கெட்டில் வைத்த பிறகு ரத்தத்தில் உள்ள நீர் கரைப்பானை வெளியேற்ற, பூச்சு மறுபடி கெட்டியாகும். ஆக, ரத்தம்தான் இதை இறுக்குகிறது. அதிகம் நடக்கும் தவறு, கலந்த பின் மிச்ச நீர்மத்தை வடிக்காமல் விடுவது. கரைப்பான் கூடுதலாகத் தங்கினால் இறுகத் தாமதமாகி ஓரம் சரியும். தயங்கித் தயங்கி வைத்தாலும் கெடும்: மேல்பக்கம் முந்தி இறுக, அடியில் வெற்றிடம் நிற்கும். கிரானுலேஷன் திசுவை (புண்ணில் வளரும் மென்திசுவை)ச் சுரண்டி, தேங்கிய ரத்தத்தை உறிஞ்சி, எலும்புச் சுவரில் புது ரத்தம் கசியும்போது ஒரே மூச்சில் வையுங்கள். கெட்டித்துத் திணித்தால் துகள்களுக்கு நடுவே ரத்தக்குழாய் நுழைய வழியிருக்காது.

கால்சியம் சல்பேட்டுக்கு ரத்தம் ஆகாது. ஸலைனில் குழைத்ததும் அது படிகமாகி இறுகும். ரத்தப் புரதங்கள் அந்தப் படிகத்தைத் தடுக்கும். வைத்தவுடன் உலர்ந்த காஸால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இறுகத் தொடங்கிய பின் ஸ்பாட்டுலாவால் சரிசெய்யப் போனால் உதிரும், திரும்பச் சேராது. மறுபுறம், சல்பேட் துகள்களின் இடைவெளியை அடைத்துக்கொள்வதால் ஈறுத் திசு உள்ளே இறங்காது. சில வாரங்களில் அது கரைந்து, எலும்பு வளர இடம் விடும்.

நான்கு சுவரும் நல்லபடி இருக்கும் சாக்கெட்டுக்குப் பூச்சு வகைதான் எங்கள் தேர்வு. மடல் (வெட்டிப் பிரித்த ஈறு) தூக்காமல் குறுக்குத் தையல் போட்டுத் திறந்தே ஆறவிடலாம். மேலே சில துகள் உதிரும் என்று நோயாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எப்படியும் மடல் தூக்கி இம்ப்ளாண்டை (செயற்கைப் பல் வேரை)ச் சுற்றி நிரப்பும் இடத்தில் சல்பேட் கலவை வசதி. ஆனால் மடல் இழுபடாமல் முழுதாக மூட வேண்டும், எச்சில் பட்டால் கரைந்து போகும். கன்னப்பக்கச் சுவரே இல்லையென்றால் இரண்டையும் தனியாக நம்பக்கூடாது. மெம்பரேனும் (மேலே மூடும் சவ்வு) தாங்கலும் வேண்டும்.

பூச்சு வகையிலேயே 60% ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பில் உள்ள கனிமம்), 40% பீட்டா டி.சி.பி. கொண்ட ‘கிரிஸ்டல்’ என்ற வகை இருக்கிறது. அதன் அபடைட் பல ஆண்டுகள் அப்படியே நிற்கும். பல் பாலத்தின் (பிரிட்ஜ்) கீழே ஈறின் வடிவத்தைக் காக்க நல்லது. இம்ப்ளாண்ட் வரப்போகும் இடத்துக்கு முழுதாகக் கரையும் டி.சி.பி.யே மேல்.

என்.எம்.பி. இனப்பெருக்க நச்சுப் பட்டியலில் உள்ள பொருள் என்பதால் கர்ப்பிணிகளுக்குப் பூச்சு வகை வேண்டாம். எதைப் போட்டாலும், 4 மாத எக்ஸ்-ரேயில் தெரியும் வெண்மை எலும்பாகத்தான் இருக்கும் என்றில்லை. கரையாத துகளும் அப்படித்தான் தெரியும். டிரில் இறங்கும்போது கைக்குத் தட்டும் கடினத்தையும் பார்த்தே இம்ப்ளாண்டின் அளவை முடிவு செய்யுங்கள்.